அக்காள் குழி தாண்டிய படலம்

வாழி அவன்! அக்காள் வீட்டின் கடைசி அறையிலே, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓயாது இரையும் ஒரு கணினி என்னும் முப்பெரும் படை கொண்டு, தன்னந்தனியே ஒரு வீடியோ கேமைப் படைத்துவந்த பெருந்தகை. படம் வரைந்தவனும் அவனே, நிரல் எழுதியவனும் அவனே, இசை அமைத்தவனும் அவனே, அந்த இசை பிரமாதம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவனும் அவனே. பிறர் குரலை நம்புதல் தன் கலைக்கு இழுக்கென்று கருதி, அக்காளின் துணி அலமாரிக்குள் புகுந்து, மாமாவின் கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே வியர்த்து நின்று, வெந்நீரால் பதமாக்கிய தொண்டையால் அந்தக் கேமின் கதையுரை முழுவதையும் தானே முழங்கித் தீர்த்த தனிக்குரற்கோமான்! அன்னான் புகழ் பாடப் புகுந்தோம். வீட்டில் அவனை டைரக்டர் என்பார்கள், கேலியாகத்தான்.

அவன் நெஞ்சில் மூன்றாண்டாய்க் கனன்றெரிந்த பெருநோக்கு ஒன்றிருந்தது. விஷன் என்று சொல்வான்; அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான். அந்நோக்கின்படி அவன் இரண்டு சூளுரைகளை உலகறிய உரைத்திருந்தான். உலகம் என்பது இங்கே அக்காளும் மாமாவும். "எழுத்து கண்ணை இழுக்கும், இழுபட்ட கண் காதைக் கெடுக்கும்; ஆகவே என் திரையில் ஓர் எழுத்தும் ஏறாது!" இது முதலாவது. "என் கதையுரையை இடையில் நிறுத்தவோ தாண்டவோ பட்டன் இராது, குழியில் வீழ்ந்தோர் உரை முழுதும் மீண்டும் கேட்டே எழுவர்!" இது அடுத்தது. அப்போது அக்காள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

மாமாவுக்கு அறவே விழவில்லை. தகடு அடிக்கும் ஆலையில் நெடுங்காலம் நின்றவர். வலக்காதை இயந்திரம் முழுதாக வாங்கிக்கொண்டது, இடக்காதில் பாதியை விட்டுவைத்தது. மச்சினன் செய்யும் கேமை விளையாடிப் பார்க்க அவருக்குச் சின்னப் பிள்ளையைப் போல ஆசை. ஒருநாள் அறை வாசலில் வந்து நின்று, "மாப்ள, கீழ கொஞ்சம் எழுத்து போட்டேன்னா நானும் விளையாடுவேன்ல?" என்று கேட்டார். நம் கோமான் நாற்காலியோடு திரும்பி, கண்களை அரைவாசி மூடி, "இது கேக்க வேண்டிய கேம் மாமா" என்று அவருடைய நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து அருளினான். "அதானே பிரச்சனையே" என்று சொல்லிவிட்டு மாமா டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்படி நோக்கு ஒரு பக்கமும் நாள்கள் ஒரு பக்கமுமாய் ஓடுகையில், கெடு வந்து கதவைத் தட்டியது. ஒற்றையாளாய்க் கேம் படைப்போர்க்கென்றே நடக்கும் கண்காட்சி ஒன்று. அதில் இடம் பிடித்தால் மூன்றாண்டு தவம் பலிக்கும், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் ஒழுங்கான வேலைக்குப் போவதாக அவனே அக்காளிடம் சத்தியம் செய்திருந்தான். அன்று மாலை ஆறு மணிக்குள் கேமை அனுப்ப வேண்டும். கூடவே ஒரு வீடியோவும் வேண்டும்: கேமை முன்பின் பார்த்திராத ஒருவர் முதல் கட்டத்தை விளையாடி முடிப்பதை, அவர் பேசுவது உட்பட, அப்படியே பதிந்து அனுப்ப வேண்டும். படைத்தவர் பக்கத்தில் இருக்கலாம். வாய் திறக்கக் கூடாது. நண்பர்களையோ அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டிவிட்டிருந்தான். சிலர் இப்போதெல்லாம் அவன் பெயரைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை. எஞ்சியவள் அக்காள் ஒருத்தியே.

அவளை எளியவள் என்று எண்ணாதீர், ஐயன்மீர்! பல் மருத்துவமனை உதவியாளர் அவள். "வாயைத் திறங்க", "துப்புங்க" என்னும் இரண்டே ஆணைகளால் அடங்காத முரடரையும் அடக்கிச் சாய்வு நாற்காலியில் கிடத்தும் அஞ்சா நெஞ்சினள். விடுமுறை நாளும் அதுவுமாகத் துணியை மெஷினில் போட்டுவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போர்க்களம் புகுந்தாள். பக்கத்தில் வேடிக்கை பார்க்க மாமாவும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மெஷின் நிக்கிற வரைக்கும்தான்டா. அப்புறம் துணி காயப்போடணும்" என்றாள்.

ரெகார்டிங் தொடங்கியது. திரையில் விரிந்தது கருங்குகை. கையில் சுடர்விளக்கேந்தி நின்றாள் கதைத்தலைவி. எதிரே வாய் பிளந்து கிடந்தது குழி. அடுத்த கணம் அறையதிரக் கிளம்பிற்று அக்குரல்! அலமாரியிற் பிறந்து, கம்பளிக் கோட்டிடை வளர்ந்து, மைக்கிற் புகுந்து ஸ்பீக்கரில் எழுந்த அக்குரல், ஊழிகள் பலவற்றைக் கடந்து, ஒளியும் இருளும் உடன்பிறந்தாராய் ஒரு மனையில் வாழ்ந்த காலத்தைப் பாடி, அவர்தம் பாகப்பிரிவினையைப் பாடி, அதற்குப் பிந்திய மனத்தாங்கலைப் பாடி, நெடுந்தொலைவு சென்றபின், "ஒளி சுமப்பாரிடம் பாதை முகங்காட்டாது, இருள் ஏற்பார்க்கே பாலம் எழும்" என்று ஒரு வரியை உதிர்த்து, மேலும் வெகுநேரம் சென்று நின்றது. விளக்கை அணைத்தால் பாலம் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

"என்ன சொல்றான்?" என்று மாமா கேட்டார்.

"தெரியலைங்க."

"உனக்குமா?" என்றார் மாமா, முகத்தில் கொஞ்சம் சந்தோஷத்தோடு.

அக்காள் நடந்தாள், விழுந்தாள். குரல் மீண்டும் ஊழிகளின் தொடக்கத்திலிருந்து கிளம்பிற்று. "அய்ய, திரும்ப முதல்லேருந்தா?" என்றாள். ஓடிவந்து தாவினாள், விழுந்தாள். பின்னோக்கிப் போய்ச் சுவரெல்லாம் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு வந்து விழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிடைத்த பட்டனையெல்லாம் அமுக்கினாள். அமுக்கிய பட்டன்களுள் விளக்கணைக்கும் பட்டன் ஒன்று மட்டும் இல்லை. விழுந்தொறும் ஒளியும் இருளும் ஒரே வீட்டில் பிறந்து, சண்டை போட்டுப் பிரிந்தார்கள். "இந்தச் சொத்துத் தகராறு எப்போதான்டா தீரும்?" என்று அக்காள் கேட்டாள். அதற்கும் பதில் சொல்ல அவனுக்கு உரிமையில்லை.

ஐயகோ, அவன் பட்ட பாட்டை எவ்வாறு உரைப்பேன்! தன் குரல் அறை முழுதும் முரசென முழங்க, தன் வாய் மட்டும் பூட்டுண்டு கிடக்க, ஊமை கண்ட கனவாய் உள்ளேயே புழுங்கி, விரல் கடித்து, உதடு கடித்து, தலையணை ஒன்றை எடுத்து அதன் மூலையையும் கடித்து நின்றான். அந்தக் கேமை எத்தனையோ முறை ஆடியவன்தான் அவன். ஆனால் எப்போதும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வேறு யாராவது பாடும் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் ஆடுவான். தன் உரையைத் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாகக் கேட்பது அவனுக்கும் இதுதான் முதல் தடவை. நாலாவது தடவை கேட்கும்போது, கொஞ்சம் நீளமோ என்று ஓர் ஐயம் அவனுக்கே எழுந்தது.

"ஓகோ, அலமாரிக்குள்ள போய்ப் போய்ப் பேசினது இதத்தானா?" என்று திடீரென அக்காளுக்கு விளங்கியது. "நீ ஏதோ பொண்ணுகிட்ட பேசுறேன்னுல்ல நான் நெனச்சேன்! கல்யாணம் கூடி வரப்போகுதுன்னு இவர்கிட்டகூடச் சொல்லிட்டேன்." மாமா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, விளையாட்டைக் கவனிக்கலானார்.

மீண்டும் வீழ்ந்தாள். மீண்டும் முழங்கிற்று. அக்காள் இரு கைகளையும் திரையை நோக்கிக் கூப்பி, "ஐயா சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும், தமிழ்ல சொல்லேன்!" என்றாள். அந்தோ, அந்தக் கணை! அது தமிழே, தூய தமிழே, அகராதி அகராதியாய்ப் புரட்டிப் பொறுக்கிய தமிழே என்று அலறத் திறந்த தன் வாயை அவனே தன் கையால் அறைந்து மூடிக்கொண்டான். கண்ணில் நீர் தளும்பியது. பல்லில் பட்டு உதடும் வீங்கிவிட்டது.

ஐந்தரை ஆயிற்று. சொல்லால் உதவலாகாது என்றுதானே விதி, செயலால் உதவலாகாது என்று இல்லையே என்னும் பெருந்தந்திரம் அவன் சிந்தையில் மின்னிற்று. பூனையடி வைத்து நடந்தான். ஜன்னல் திரையை இழுத்து மூடினான். சுவரோரம் சென்று, அறையின் மின்விளக்கை அணைத்தான், போட்டான், மறுபடி அணைத்தான், இருளில் நின்று, கண்ணாலேயே அக்காளிடம் மன்றாடினான். உலக வரலாற்றில் ஒரு ஸ்விட்ச் இவ்வளவு பொருள் செறியத் தட்டப்பட்டதில்லை.

"டேய், லைட்டோட என்னடா விளையாட்டு? கண்ணு வலிக்குது, போடு!" என்றாள் அக்காள்.

"கரண்ட் போயிடுச்சா?" என்று மாமா ஃபியூஸ் பெட்டியைப் பார்க்க எழுந்து போனார்.

அவன் விளக்கைப் போட்டான்.

அவ்வேளையில்தான் அண்டம் கிடுகிடுக்க எழுந்தது அந்த ஓசை! ஊழிக்கால முரசமோ, எதிரிப் படையின் கொம்போ என்று நடுங்காதீர். துணி மெஷின் வேலையை முடித்துக்கொண்டு கீங் கீங் என்று கூப்பிட்டது. அக்காள் கையிலிருந்த கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போதும்டா தம்பி. நல்லாத்தான் பண்ணியிருக்க. எனக்குத்தான் அறிவு பத்தல" என்றாள்.

ஏளனமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் உண்மையாகவே சொன்னாள். மூன்றாண்டு சோறு போட்டவள், அவனுடைய கேம் புரியாததற்குத் தன்னையே குறை சொல்லிக்கொண்டு துணி எடுக்கப் போனாள். அதுகாறும் கட்டிக்காத்த மோனக்கோட்டை அங்கே இடிந்தது, விதி தகர்ந்தது, விஷன் பறந்தது, அலமாரியில் அல்லாமல் அடிவயிற்றிலிருந்து, வெந்நீரின் உதவியே இன்றி, ஒரு குரல் கிளம்பிற்று:

"அக்கா! லைட்ட ஆஃப் பண்ணுக்கா!"

"போடுன்னு இப்பத்தானடா சொன்னேன்?"

"ரூம் லைட்டு இல்லக்கா! கேம்ல! அவ கையில இருக்குல்ல, அந்த விளக்கு! கீழ் அம்புக்குறிய அமுக்கு!"

"அத அணைக்க முடியுமா?" அக்காள் திரும்பி வந்து, நின்றவாறே குனிந்து அமுக்கினாள். விளக்கு அணைந்தது. குழியின் மேலே வெள்ளிக்கோடாய் ஒரு பாலம் எழுந்தது, தலைவி நடந்தாள், முதல் கட்டம் முடிந்தது. "இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள்.

"சொல்லிக்கிட்டேதானக்கா இருந்தேன்!"

"எங்கடா சொன்ன?" என்று கேட்டுவிட்டு அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இங்ஙனம் வென்றும் தோற்றான் நம் கோமான். ஏனெனில், படைத்தவன் வாய் திறந்தது வீடியோவில் பச்சையாகப் பதிந்திருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! வேறொரு ஆளைத் தேடிப் பிடிக்கவோ, விழவைத்து எழுப்பவோ நேரமில்லை. மாமா ஒருவர் இருந்தார், அவருக்கோ கேட்காது. அப்போது அவனுக்கு ஒன்று உறைத்தது: கேமில் கதை சொல்வதும் அவன் குரல், வீடியோவில் கத்தியதும் அவன் குரல். பார்ப்பவர்க்கு எது எதுவென்று யார் சொல்வது? அறப்போர் என்பது ஆறு மணிக்கு இன்னும் கால்மணி நேரம்தான் என்னும்போது சற்றே வளைந்துகொடுக்கும். கத்திய கத்தலை வீடியோவில் அப்படியே விட்டு, அதற்கு ஒரு நகல் எடுத்தான். பல முறை வீழ்ந்தோர்க்கு அது தானாகவே ஒலிக்குமாறு கேமுக்குள் ஒட்டினான். ஆறு அடிக்குமுன் அனுப்பினான்.

சில வாரம் கழித்து வந்தது தேர்வுக்குழுவின் திருமுகம். "கதைசொல்லிகள் தம் உயர்பீடம் விட்டு இறங்குவதை இதுகாறும் நாங்கள் கண்டதில்லை. இதிலோ, மாண்புமிகு மொழியில் முழங்கிவந்த குரல், வீழ்ந்தவள்பால் இரக்கம் மீதூர, அணிகலன்கள் அனைத்தையும் களைந்தெறிந்து, உடன்பிறந்தாளை அழைப்பதுபோல் அழைத்துக் கதறும் அந்த ஒரு கணம், ஈடிணையற்ற படைப்பு நோக்கு! விளையாடுபவரும் அக்குரலோடு வாதாடுவது நெஞ்சைத் தொட்டது. இடம் தந்தோம். ஒரே ஒரு நிபந்தனை: காது கேளாதோரும் ஆடும்வண்ணம், சொல்வதெல்லாம் கீழே எழுத்தில் வர வேண்டும்."

அவன் எழுந்தான். மார்பை நிமிர்த்தினான். கூடத்தின் நடுவே, துணி மடித்துக்கொண்டிருந்த அக்காளும் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமாவும் ஆகிய திரளான அவையோர் முன்னிலையில், வலக்கை உயர்த்தி, குரல் தாழ்த்தி, "தொடக்கம் முதலே இதுதான் என் விஷன்!" என்று பிரகடனம் செய்து, திக்கெட்டும் தன் வெற்றிக்கொடி பறப்பதாகக் கண்டு, கண்டதில் தானே கண்கலங்கி, மூன்றாண்டு மூச்சடக்கிக் காத்த முதற் சூளுரையைத் தன் கையாலேயே தகர்த்து, கருங்குகையின் அடிவாரத்தில் வெண்முத்து நிரலென எழுத்துகளைப் பதித்து, அரியணை அன்ன தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதில் மாமாவை அமர்த்தி, பின்னே கைகட்டி நின்றான்.

மாமா படித்துப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்து ஒரே தடவையில் தாண்டினார்.