மீன்பெட்டியில் ஒரு நகரம்

எதிர்கால நகரம் இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

பாவ்ரோ முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தான். தேன்கூடு போல ஒன்றோடொன்று கோத்த வெள்ளை நுரைப்பலகைத் தட்டுகள். அவற்றின் மேல் கண்ணாடி மாடங்கள், தொங்கும் தோட்டங்கள், விரல்நீளக் காற்றாடிகள். கடல் எவ்வளவு உயர்ந்தாலும் கூடவே உயரப்போகும் நகரத்தின் மாதிரி அது. இப்போது ஒரு மீன்பெட்டியில், அரைப்பெட்டிக் கடல்நீரில், குடித்துவிட்டு வந்தவன் போல ஒரு தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

“ஆபீசர் தம்பி,” என்றான் தியோ. பெட்டி அவனுடையது. “நகரம் எப்போ காலி பண்ணும்? சாயங்காலம் எனக்கு மீன் வரும்.”

“கொஞ்சம் பொறுங்கண்ணே. படகுல வரும்போது ஓரம் விரிஞ்சிடுச்சு போல.”

“ரெண்டு மணி நேரப் படகுக்கே விரிஞ்சிடுச்சா? இதுலயா நூறு வருஷம் இருக்கப்போறோம்?”

ஊர் மண்டபத்தின் தாழை ஓலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மொத்தக் கூட்டமும் சிரித்தது.

பாவ்ரோ சிரிக்கவில்லை. தலைநகர் தராவாவில் திட்டமிடல் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. பீஜியில் நகர வடிவமைப்பு படித்தவன். இந்த அபையாங் தீவுக்கு நேற்றுதான் முதன்முறையாக வந்திருந்தான். மத்தியானம் பிரிஸ்பேனிலிருந்து, பணம் கொடுக்கும் நிறுவனத்தின் சார்பில், பிலிப்பா என்ற அம்மாள் வருகிறாள். ஊர் சரி என்றால் மிதக்கும் நகரம் இங்கே, இல்லையென்றால் வேறு ஏதோ ஒரு நாட்டில்.

அவன் சாயாத பக்கத்தில் ஒரு கல்லை வைத்தான். நகரம் நிமிர்ந்தது. ஆனால் ஒரு விரற்கடை உள்ளே இறங்கி, தோட்டங்களுக்குள் தண்ணீர் புகுந்தது.

“பாருங்க, நம்ம ஊர் மாதிரியே ஆயிடுச்சு,” என்றான் தியோ.

சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. மண்டபத்தின் கடற்கரைத் தூணை ஒட்டி நின்றால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். பாவ்ரோ ஓடினான்.

“மிதக்குதா?” ஆக்லாந்திலிருந்து மனைவி மேரே.

“சாயுது.”

“நீ சாப்பிட்டியா?”

“சாப்பிடுறேன். எரிதா எங்கே?”

“பள்ளிக்கூடத்துல. நேத்து டீச்சர் உங்க ஊர் எதுன்னு கேட்டாங்களாம். ஆக்லாந்துன்னு சொல்லியிருக்கா.”

பாவ்ரோ தூணைப் பிடித்துக்கொண்டான். ஆக்லாந்தில் குடியேறுவதற்கான குலுக்கல் விசாவில் பெயர் வந்தபோது மூவருக்கும்தான் வந்தது. அவன் மட்டும் இருந்துகொண்டான். ‘நான் நகரத்தைக் கட்டி முடிக்கிறேன், நீங்களே திரும்பி வருவீங்க’ என்று சொன்னான். மேரே மகளின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“பாவ்ரோ, போதும். வந்துடு.”

“இன்னைக்கு ஊர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் பாரு,” என்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

ஊர் சரியென்று சொல்லும் அறிகுறியே இல்லை. காலையிலிருந்து பேசிவிட்டான். பன்றி எங்கே கட்டுவது என்று கேட்டார்கள். ஒரு தேவாலயம்தான் இருக்கிறது, இன்னொரு சபைக்காரர்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். காற்றாடியில் கள் இறக்க முடியுமா என்று தியோ கேட்டான். பாதிப்பேர் பாயிலேயே சாய்ந்து கண்ணை மூடிவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல், பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்த ஓர் உத்தியைக் கையில் எடுத்தான். ஒரு கூடைச் சோழிகளை நடுவில் கொட்டினான்.

“நகரத்தை விடுங்க. போன பௌர்ணமிக்கு அலை உங்க முற்றத்துக்குள்ள வந்துச்சு. அடுத்த தடவை இன்னும் ஏறும். அப்போ உங்க வீட்டுல யாரை முதல்ல காப்பாத்தணும்? தானா எழுந்து ஓட முடியாதவங்க யாரு? அவங்களுக்கு இங்க ஒரு இடம் சொல்லுங்க. ஆளுக்கு ஒரு சோழி.”

படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர்த்தலைவர் காபுவா தொண்டையைச் செருமினார். “நிஜமாத்தான் சொல்றியா தம்பி? அவங்களையா ஏத்தப்போறீங்க?”

“அவங்களைத்தான் முதல்ல, பெரியவரே.”

“இதுவரைக்கும் ஒரு ஆபீசரும் இதைக் கேட்டதில்லை,” என்றார் காபுவா. அவர் குரல் உடைந்துபோயிருந்தது. ஒரு சோழியை எடுத்து கிழக்கு ஓரத்தில் வைத்தார். “இது எங்க அண்ணன். சூரியன் வர்ற பக்கமாத்தான் படுப்பார்.”

நகரம் கிழக்கே சாய்ந்தது. பாவ்ரோ மேற்கே ஒரு கூழாங்கல் வைத்தான்.

பருத்த உடம்பும் பூப்போட்ட பாவாடையுமாக பொதீக்கா வந்து உட்கார்ந்தாள். “எங்க அம்மா. நிழல் வேணும். வெயில் பட்டா அவளுக்கு ஆகாது.”

“மாடத்துக்குக் கீழே வைக்கிறேன் அக்கா. தண்ணி, கரண்டு எல்லாம் உண்டு.”

“அதெல்லாம் அவ கேக்கமாட்டா.”

“சமையலறை?”

“நாங்க கொண்டுபோய் வச்சிடுவோம். புகையிலை மட்டும் மறக்கக் கூடாது. மறந்தா கனவுல வந்து திட்டுவா.”

எவ்வளவு எளிமையான மக்கள் என்று பாவ்ரோவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. தராவாவில் ஒரு கழிப்பறைக்காக ஒரு தெருவே அடித்துக்கொண்டதை அவன் பார்த்திருக்கிறான்.

அதற்குப் பிறகு கூட்டம் நெருக்கியடித்தது. ஒருத்தி தன் மாமனாரையும் பக்கத்து வீட்டு மாமனாரையும் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னாள். தென்னைமரத் தகராறாம்.

“பேசித் தீத்துக்கலாமே?” என்றான் பாவ்ரோ.

“இனிமே எங்க பேசித் தீக்கிறது?” என்றாள் அவள். பக்கத்து வீட்டுக்காரியும் ஒப்புக்கொண்டு தலையாட்டினாள்.

ஒவ்வொரு சோழிக்கும் நகரம் ஒரு பக்கம் சாய, ஒவ்வொரு கல்லுக்கும் இன்னும் கொஞ்சம் முங்கியது. பாவ்ரோ காலித் தண்ணீர்ப் புட்டிகளை அடியில் சொருகினான். நகரம் விருட்டென்று மேலே எழும்பி, கொழுத்த வாத்து போல ஆடத் தொடங்கியது.

கடைசியாகத் தியோ வந்தான். இந்த முறை பெட்டியைக் கேட்கவில்லை. உள்ளங்கையில் மிகச் சின்னதாக ஒரு சோழி.

“என் தம்பி. நட்டநடுவுல வை. சுத்தி ஆள் இருக்கணும். அவனுக்குக் கடல் பிடிக்காது.”

“மீன்காரர் வீட்டுல கடல் பிடிக்காதவரா?” பாவ்ரோ காலையிலிருந்து வாங்கிய கேலிக்கெல்லாம் சேர்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

“பிடிச்சுத்தான் இருந்துச்சு,” என்றான் தியோ. “அப்புறம் பிடிக்காமப் போச்சு.”

கூடையில் இரண்டு சோழிகள் மீந்திருந்தன. பாவ்ரோ அவற்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, தென்மூலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

பொதீக்கா பார்த்துவிட்டாள். “அது யாரு தம்பி?”

“என் மனைவி. என் மகள்.”

“ஐயோ. ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்தான். போய் மூணு வருஷம் ஆச்சு.”

“எப்படிப் போனாங்க?”

“விமானத்துலதான்.”

பொதீக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “விமானத்துலயா! ஒரே நாள்லயா?”

“ஒரே நாள்லதான். நானும் கூடப் போக வேண்டியது. என் டிக்கெட்டை நான்தான் வேண்டாம்னேன்.” இதை அவன் அலுவலகத்தில்கூட யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெரிய முகம் கேட்ட விதத்தில் சொல்லிவிட்டான். “சில நேரம் தோணும். அன்னைக்கே கூடப் போயிருக்கலாம்னு.”

“அப்படிச் சொல்லாதடா என் ராசா!” அவள் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “நீயாவது இருக்கியே. நீயாவது இருக்கணும்.”

செய்தி மண்டபத்தைச் சுற்றி வந்தது. ஒருவர் அவன் முன்னால் சுட்ட மீனைக் கொண்டுவந்து வைத்தார். இன்னொருத்தி சேப்பங்கிழங்கு. காபுவா தன் கழுத்திலிருந்த பூமாலையைக் கழற்றி அவன் தலையில் சூட்டினார். அதுவரை கேலி செய்துகொண்டிருந்த தியோ, “பெட்டி எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கட்டும் தம்பி,” என்றான்.

குடும்பம் வெளிநாட்டில் இருப்பதற்கு ஓர் ஊரே இப்படி உருகுமா! பாவ்ரோ மீனைப் பிட்டு வாயில் போட்டான். மூன்று வருடமாக அவனே சமைத்து அவனே தின்ற சோறெல்லாம் நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள எழுந்தபோது அவன் கால் பெட்டியில் இடித்தது.

நகரம் ஒருமுறை ஆடியது. புட்டிகள் ஒருபக்கமாக உருண்டன. மாடம், தோட்டம், காற்றாடி எல்லாம் தலைகீழாகக் கவிழ்ந்தன. சோழிகள் அத்தனையும் பெட்டிக்கடியில் போய்ச் சேர்ந்தன.

மண்டபத்தில் ஓர் ஓலம் எழுந்தது.

அது பொம்மை உடைந்ததற்கு எழும் சத்தமாக இல்லை. பெண்கள் தரையில் அறைந்துகொண்டு அழுதார்கள். காபுவா முகத்தைப் பொத்திக்கொண்டார். தியோ சட்டையோடு பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். “நடுவுல இருந்தவன்! நடுவுல இருந்தவனை முதல்ல எடுங்க!”

“ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை!” பாவ்ரோ பதறினான். “வெறும் சோழிதானே, வேற கிடைக்கும்—”

“வேற எங்க இருக்கு?” என்று பொதீக்கா அவன் மேல் சீறினாள்.

ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பாவாடை நுனியால் ஈரம் ஒற்றினார்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன பாவ்ரோவின் கண்ணுக்கு. அவர்களுக்கு எது யாருடையது என்று தெரிந்திருந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து பொதீக்கா அவன் உள்ளங்கையில் இரண்டை வைத்து விரல்களை மூடினாள். “இந்தா, உன்னுடையவங்க. பத்திரம்.”

அவன் விரித்துப் பார்த்தான். அவனுடையவைதான்.

படகு வந்துவிட்டது. பிலிப்பா தொப்பியைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் குனிந்து நுழைந்தபோது நகரம் மறுபடி மிதந்துகொண்டிருந்தது. நேராக இல்லை. நாலு பக்கமும் நாலு பேர் நீருக்குள் கைவிட்டு அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மாடங்கள் விரிசல் கண்டு, தோட்டங்கள் பிய்ந்துபோய், எங்கே பார்த்தாலும் சோழிகள். ஊரில் இருக்கும் தலைகளைவிடச் சோழிகள் அதிகம் போலிருந்தது. தராவாவில் இருக்கும் சொந்தங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பாவ்ரோ நினைத்துக்கொண்டான்.

“இவங்களுக்கு இது வேணுமான்னு கேளுங்க,” என்றாள் பிலிப்பா. அவன் மொழிபெயர்த்தான்.

கை தூக்காதவர்கள் நகரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த நால்வர் மட்டும்தான். “எங்களையும் சேத்துக்கோ,” என்று கத்தினான் அவர்களில் ஒருவனான தியோ.

பிலிப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எத்தனையோ நாட்டில் இந்த நகரத்தின் படத்தைக் காட்டியிருக்கிறாள், இப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லை என்றாள். பணம் வரும் என்றாள். அடுத்த வருடமே முதல் தட்டு இறங்கும் என்றாள்.

பாவ்ரோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தூணருகே போய் மேரேயைக் கூப்பிட வேண்டும். எரிதாவின் டீச்சருக்குச் சொல்ல ஓர் ஊர் கிடைத்துவிட்டது. சொல்வதற்கு வார்த்தைகளைக்கூட மனதில் அடுக்கிவிட்டான்.

போகிற போக்கில் பெட்டிக்குள் பார்த்தவன் நின்றான். அண்ணன், அம்மா, மாமனார், தம்பி, பெரியப்பா எல்லாரும் இருந்தார்கள். காபுவா இல்லை. பொதீக்கா இல்லை. காலையிலிருந்து ஒருவர்கூடத் தனக்கென்று ஒரு சோழி கேட்கவில்லை.

“பெரியவங்களுக்கெல்லாம் இடம் பிடிச்சுட்டீங்க,” என்று சிரித்தான். “நீங்க எல்லாரும் எந்தப் பக்கம் குடிவர்றீங்க? அதைச் சொல்லுங்க, அந்த அம்மாகிட்ட சொல்லணும்.”

பொதீக்கா அவனைக் குழப்பமாகப் பார்த்தாள்.

தியோ நீருக்குள்ளிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்தான். “நாங்க எதுக்கு தம்பி அங்க வரணும்? எங்களுக்கு நீந்தத் தெரியும். செத்து முற்றத்துல படுத்திருக்கிறவங்களுக்குத்தானே தெரியாது.”