கடல் தாண்டிப் பெயிண்ட் அடித்தவர்

உங்கள் சபையில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் பக்கத்துச் சபையில் இரண்டு பேர் இருப்பார்கள். வெளிநாட்டு ஊழியம் போய்வந்தவர் என்று இந்த இனத்துக்குப் பெயர். போனது ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். பேசுவது ஆயுள் முழுக்க. பயணத்துக்கென்று அச்சடித்த டீசேர்ட்டை ஞாயிறு ஆராதனைக்கும், திங்கட்கிழமை வேலைக்கும், இடையில் சாவு வீடு ஏதும் வந்தால் அதற்கும் போட்டுக்கொண்டு வருவார். விமான நிலையத்தில் பையில் ஒட்டிவிட்ட சீட்டு மழையில் நனைந்து எழுத்தெல்லாம் போனாலும் கிழிக்கமாட்டார். மரக்கறி வாங்கப் போகும்போது அந்தச் சீட்டு வெளிப்பக்கம் தெரிகிற மாதிரித்தான் பையைத் தோளில் மாட்டுவார். "நான் குடுக்கத்தான் போனேன், ஆனா வாங்கிக்கிட்டுத்தான் வந்தேன்" என்பார். என்ன வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு நீங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த மதுரன் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. தலவாக்கலை டவுனில் ஹாட்வெயார் கடையில் வேலை. ஆணி விற்பான், தகரம் விற்பான், பெயிண்ட் விற்பான். மூன்றில் எதையும் அடித்ததில்லை. சபையில் வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர். நல்ல பையன், குரலில் இனிமையும் ஜெபத்தில் நீளமும் உண்டு. கொழும்பிலிருந்து ஒரு வாலிபர் குழு நேபாளத்துக்கு ஊழியப் பயணம் போகிறது, மலையகத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்று செய்தி வந்தபோது, பாஸ்டர் நல்லமுத்து சபையைப் பார்த்து, "யாருக்கெல்லாம் அழைப்பு இருக்கு?" என்று கேட்டார். அழைப்பு பலருக்கு இருந்தது. பாஸ்போர்ட் மதுரனுக்கு மட்டும்தான் இருந்தது. கட்டாருக்கு வேலைக்குப் போகவென்று எடுத்து, ஏஜென்சிக்காரன் காணாமல் போனதால் அலுமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பாஸ்போர்ட்.

"பாத்தீங்களா, எல்லாத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கு" என்றார் பாஸ்டர். ஏஜென்சிக்காரனுக்கே தெரியாத நோக்கம்.

சபை கேக் விற்று, கொத்துரொட்டி விற்று, கண்ணீரோடு அவனை வழியனுப்பியது. மதுரனின் மனதில் நேபாளம் என்றால் பனி. இடுப்பளவு பனியில் நடந்துபோய், யாருமே எட்டிப் பார்க்காத ஒரு கிராமத்துக் கதவைத் தட்டப் போகிறோம் என்று கம்பளித் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கியிருந்தான். காத்மண்டுவில் இறங்கி, பஸ்ஸில் குலுங்கி, ஜீப்பில் உருண்டு, கிழக்கே ஏதோ ஒரு மலைச்சரிவில் இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான்.

தேயிலை.

மேலே தேயிலை, கீழே தேயிலை, நடுவில் கூடையோடு பெண்கள், தகரக் கூரை போட்ட வீட்டு வரிசை, வாசலில் காயாத துணி. குளிர்கூட நம்முடைய குளிர்தான். என்றாலும் ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா நாகலெட்சுமி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை யாருமே கூப்பிடாததால் நாகலெட்சுமியாகவே இருந்துவிட்டவள். சாயங்காலம் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"ஏப்பா, நீ இன்னும் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கே போகலையா? நம்ம பக்கத்துப் பூண்டுலோயாவுல நின்னுக்கிட்டு என்னா பண்ற?"

குழுவில் மற்றவர்கள் கேட்பதற்குள் மதுரன் அதை அழித்துவிட்டான்.

அங்கே அவர்கள் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் சுவருக்கு நீலப் பெயிண்ட் அடித்தார்கள். சுவருக்குப் போன பெயிண்டைவிடத் தலைக்குப் போனது அதிகம். பிள்ளைகளோடு பந்து விளையாடினார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், புறப்படும்போது எல்லாரும் அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை. அதை மட்டும் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பெயிண்ட் காய்வதற்குள் திரும்பி வந்து, அதைப் பற்றி ஆறு மாதம் பேசினான் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் ஞாயிறு சபை முன்னால் எழுந்து பயண அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னான். திரையில் படங்கள் ஓடின. கூடையோடு ஒரு நேபாளப் பெண் வந்த படத்தில் குரல் தழுதழுத்தது. "எவ்வளவு எளிமை பாருங்க! எவ்வளவு சந்தோசமான முகம்! இவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு அவங்க மொழியில என்னென்னமோ சொல்லி ஆசீர்வதிச்சாங்க." இரண்டாவது ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் அதே படம்; அதே இடத்தில் அதே தழுதழுப்பு. பிறகு தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக, வீடு வீடாக. கரண்ட் போனால் நேபாளம். பஸ் பிந்தினால் நேபாளம். அம்மா கொடுத்த தேத்தண்ணியில் சீனி காணாது என்று முகம் சுளித்தவன், உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, "நேபாளத்துல சில வீட்டுல சீனியே இல்லம்மா" என்றான்.

"இங்கயும் முடிஞ்சிருச்சு. குடி" என்றாள் நாகலெட்சுமி.

இவ்வளவு சாட்சியும் உண்மையில் யாருக்காக? இரண்டாவது வரிசையில் உட்காரும் நிஷாந்திக்காக. அவள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவின் டீச்சர். மதுரனுக்கு அவள்மேல் நெடுநாளாக ஒரு எண்ணம். அவள் அவனை எல்லாரையும்போல 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல்லை எப்படியாவது மாற்றிவிடத்தான் இத்தனை சாட்சியும்.

சாட்சி முடிந்து ஒருநாள் அவள் தானாகவே அவனிடம் வந்தாள். மதுரன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

"பிரதர், அந்தப் பள்ளிக்கூடத்துச் செவுத்துக்கு மேல கூரை நல்லாருந்துச்சா?"

"கூரையா?" மதுரன் யோசித்தான். எந்தப் படத்திலும் கூரை விழவில்லை. "கவனிக்கல டீச்சர்."

"எங்க பிள்ளைக்காம்பராவுல கூரை ஓட்டையாப் போச்சு. மழை வந்தா தொட்டில எங்க கட்டுறதுன்னே தெரியல. தோட்டத்துத் தொரை தகரம் அனுப்பிட்டாரு, அடிக்கத்தான் ஆளில்ல. மேக்கணக்குல இருந்த பயலுக எல்லாம் கொழும்புல நிக்கிறாங்க. நம்ம வாலிபர் ஐக்கியம் ஒரு சனிக்கிழம வந்தா போதும்."

மதுரன் கண்களை மூடினான். "பாரத்தோட ஜெபிக்கிறோம் டீச்சர்."

ஜெபித்தான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமைகளில், அடுத்த ஊழியப் பயணமாகக் கம்போடியாவுக்குப் போவது பற்றிய ஆயத்தக் கூட்டம் இருந்தது. தகரம் பிள்ளைக்காம்பராச் சுவரில் சாய்ந்தபடி வெயில் காய்ந்தது. நிஷாந்தி பிறகு கேட்கவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

மழை மாதம் கிட்டும்போது ஒரு செய்தி வந்தது. நேபாளத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்த சபையின் வாலிபர்கள் பதிலுக்கு ஊழியப் பயணம் வருகிறார்கள். வருவது மதுரனின் சபைக்கு! மதுரனுக்குத் தூக்கம் போயிற்று. வரவேற்பு நடனம், சாப்பாடு, சாட்சிக்கூட்டம் எல்லாம் ஏற்பாடு செய்தான். பெயிண்ட் அடிக்கச் சபையின் மதில் இருக்கவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

தலவாக்கலை ஸ்டேஷனில் அவர்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் பெயர் பிமல். அந்த வாலிபர்களின் தலைவன். ஓலைத் தொப்பி, பூப்போட்ட சட்டை, பையிலிருந்து நீச்சல் காற்சட்டை எட்டிப் பார்த்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். முகம் சுருங்கியது.

"பிரதர், கடல் எங்கே?" என்றான் ஆங்கிலத்தில்.

"கடல் கொழும்பிலேயே நின்றுவிடும் பிரதர்."

"இது தேயிலை அல்லவா? எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தாலே இதுதான்."

ஆனால் பிமலும் அந்த இனம்தானே? தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டான். மலையிலிருந்து கூடையோடு இறங்கிவந்த நாகலெட்சுமியைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவன் தோழன் படம் எடுத்தான். பிமலின் கண் கலங்கியது.

"எவ்வளவு எளிமை! எவ்வளவு சந்தோஷமான முகம்!"

"என்னாப்பா சொல்லுது இந்தத் தம்பி?" என்றாள் நாகலெட்சுமி.

"நீங்க சந்தோசமா இருக்கீங்களாம், அம்மா."

"அட்டை கடிச்சுக் காலெல்லாம் எரியுது. கூடை வேற தோளை அறுக்குது. கையை விடச் சொல்லு, எறக்கி வைக்கணும்."

"என்ன சொல்கிறார்கள்?" என்றான் பிமல் ஆவலோடு.

மதுரன் வாயைத் திறந்தான். ஆசீர்வதிக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த நேபாளத்து அம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நீளமாகச் சொன்னது என்ன? கையைப் பிடித்தது அவளா, தானா? நேரே போய் அம்மாவின் கூடையை இறக்கி வைத்தான். நாகலெட்சுமி மகனை மேலும் கீழும் பார்த்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டும் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. பிரஷ்களோடு எல்லாரும் சபைக்குப் போனார்கள். மதில் பளபளவென்று மின்னியது. நேற்றே பெயிண்ட் அடித்தாயிற்று.

"விருந்தாளி வர்ற நேரத்துல அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் பாஸ்டர் நல்லமுத்து பெருமையாக.

பெயிண்ட் அடிக்கக் கடல் தாண்டி வந்தவர்கள் பிரஷைப் பிடித்தபடி நின்றார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த நிஷாந்தி, மதுரனைப் பாராமல், பொதுவாகச் சொன்னாள்:

"செவுரு இல்ல. கூரை இருக்கு."

மதுரன் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. "போவோம் டீச்சர்" என்றான். கடையிலிருந்து சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்தான்.

மேல்கணக்குக்கு ஏறும் வழியில் மதுரன் விஷயத்தை விளக்கினான். பிமல் தலையாட்டினான். "எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையும் ஓட்டைதான் பிரதர். நீ நீலம் அடித்தாயே, அந்தச் சுவருக்கு மேலே இருக்கிற கூரை. மழைத் தண்ணீர் இறங்கிச் சுவரெல்லாம் வரி வரியாகிவிட்டது."

"நீங்கள் சரிசெய்யவில்லையா?"

"எங்கே நேரம்? வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆயத்தம் செய்யவே சரியாக இருக்கிறது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பாதையோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வானம் கறுத்துவிட்டது, சிரித்தது போதும் என்று நிஷாந்தி வந்து எழுப்பினாள்.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தொட்டில்களோடு ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தார்கள். மதுரன் கூரையேறினான். முதல் அடி ஆணியில் விழுந்தது. இரண்டாவது கட்டைவிரலில். சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்த லயத்துச் சனம், பார்க்கச் சகிக்காமல் ஏணியைப் பிடித்தது, தகரத்தைத் தூக்கிக் கொடுத்தது. அவர்களில் பழனியாண்டி என்ற ஓய்வுபெற்ற தொழிலாளி கீழேயிருந்து கத்தினார்: "தம்பி, ஆணிய அடிக்கச் சொன்னா நீ கூரைய அடிக்கிறியே! அது என்னாப்பா பாவம் பண்ணுச்சு?" அவர் சொன்னதை மொழிபெயர்க்கச் சொல்லி நேபாளிகள் கேட்டார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

கடைசித் தகரம் வைக்கும்போது காற்று பிடித்துக்கொண்டது. தகரத்தின் ஒரு பக்கம் படபடவென்று எழும்பியது, போனால் பள்ளத்தில்தான். மதுரன் குப்புற விழுந்து அதன்மேல் படுத்துவிட்டான். முழு ஒப்புக்கொடுத்தல் என்று ஆராதனையில் பல தடவை பாடியிருக்கிறான்; உடம்பையும் சேர்த்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

"மதுரன்! பாத்து!" என்று கீழேயிருந்து நிஷாந்தி அலறினாள்.

பிரதர் இல்லை! காற்றுக்கு அசையாதவன் அந்த ஒரு சொல்லுக்கு வழுக்கிவிடப் பார்த்தான். நல்லவேளை, பிமல் காலைப் பிடித்துக்கொண்டான். ஆணிகள் இறங்கின. மழையும் இறங்கியது. தகரத்தில் கொட்டிய இரைச்சலில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. தெப்பமாக நனைந்து உள்ளே வந்த மதுரனின் காதருகே வந்து நிஷாந்தி சத்தமாகச் சொன்னாள்:

"ஒரு சொட்டு ஒழுகல!"

தொட்டில்களை நடு அறைக்கு இழுத்துக் கட்டினாள். மதுரன் வீங்கிய விரலால் கயிற்றைப் பிடித்துக் கொடுத்தான். ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. படம் எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதோடு மதுரன் திருந்திவிட்டான் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு சாட்சிக்கு எழுந்தான். சபை பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தது. "போன வாரம் மேக்கணக்குக்குப் போயிருந்தேன்" என்று ஆரம்பித்தான் மதுரன், அதே பழைய தழுதழுப்போடு. "அங்க இருக்கிற சனங்கள நீங்க பாக்கணும்..." மேல்கணக்குச் சனம் மூன்று வரிசையில் உட்கார்ந்து, தங்களைப் பற்றித் தங்களுக்கே தெரியாத பல விஷயங்களை வாய் பிளந்து கேட்டது. நிஷாந்தி சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து அவள் வாசலில் காத்து நின்றாள்.

"நல்லாப் பேசினீங்க. பின்பக்கத்துக் கான் அடைச்சுக்கிட்டு நிக்குது, தண்ணி போகமாட்டேங்குது. வர்ற சனிக்கிழம வாங்க, அதையும் பேசலாம்."

போனான். அதற்கடுத்த வாரமும் போனான். கம்போடியாவுக்கு வேறு யாரோ போனார்கள் என்று கேள்வி.

நீங்கள் இப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். தெரியும். தூரதேசத்து வெள்ளத்துக்குக் கண்ணீர் விடுகிறவர், கைத்தொலைபேசியில் மெழுகுதிரி ஏற்றுகிறவர், மனிதாபிமானம் உள்ளவர். நல்லது. உங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார்களே, நேற்று இருமிக்கொண்டிருந்தார்களே, அவர்களுடைய பெயர் என்ன?

அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.