வளைவில் நிற்கும் 'லைவ்' அண்ணன்

ஜவ்வாது மலையை மலைக்காரர்களே கொளுத்துகிறார்கள் என்று வீடியோ போட்ட பட்டணத்துத் தம்பி, நீ சொன்னது பொய். அதை எதிர்த்து நின்றவர் எங்கள் 'லைவ்' அண்ணன். அவரைப் போல ஓர் ஆள் எந்த மலையிலும் கிடையாது.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். மழை பொய்த்தாலும் வெயில் கொளுத்தினாலும் போனில் 'லைவ்' போட்டு உலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு வளைவில். அதனால் எந்தக் கேடு வந்தாலும் அதை வளைவுக்கே ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஊற்று வறண்டால் சேறு அண்டாவில் வரும். சாமை கருகினால் கட்டாக வரும். எல்லாம் எங்கள் மடியில்தான்.

"இன்னாடா இது, ஜீப்பா குப்ப வண்டியா?" என்று அவருடைய சின்னம்மா கத்துவாள்.

"கம்முனு குந்து சின்னம்மா. உலகம் பாக்குது!"

"பாக்குற உலகத்த ஒரு கொடம் தண்ணி கொண்டாரச் சொல்லு!"

தம்பி, நீ படம் பிடித்தது தீக்கோடு. கோடைக்கு முன்னால் சருகைக் கூட்டி, நீளக் கோடாகக் கொளுத்தி அணைத்துவிடுவோம். பெருந்தீ வந்தால் அந்த வெறும் தரையில் நின்றுவிடும். உன் வீடியோவைப் பார்த்தவர்கள், இவர்களைப் புளி பொறுக்கக்கூடக் காட்டுக்குள் விடக்கூடாது என்று எழுதினார்கள். எங்கள் பிழைப்பே அதுதான்.

"கோடுன்னா இன்னான்னு காட்டிர்றேன். ஏறுங்க!" என்றார் அண்ணன். ஊரே துடைப்பத்தோடு ஜீப்பில் தொங்கியது. வளைவுக்கு மேல் சரிவில் கோடு போட்டு 'லைவ்' காட்டினோம். "அண்ணே, குத்துப்பாட்டு போடுங்க" என்று ஒருவன் எழுதினான். நீயோ புகையை மட்டும் வெட்டியெடுத்து, 'மறுபடியும் கொளுத்துகிறார்கள்' என்று போட்டாய்.

கொஞ்ச நாளில், சுற்றுலா வந்த யாரோ அணைக்காமல் போன அடுப்பிலிருந்து வளைவுக்குக் கீழே தீ கிளம்பியது. அடித்து அணைக்கப் பச்சைத் தழையோடு ஓடினோம். தாவிப் பாதையைத் தாண்டிய தீ, அண்ணன் 'லைவ்'வுக்காகப் போட்ட கோட்டில் வந்து செத்தது. மேலே எங்கள் புளியமரங்களில் ஓர் இலை வாடவில்லை. எல்லோரும் குதித்தோம்.

"வீடியோ எட்த்தியாண்ணா? இங்கதான் சிக்னல் இருக்குதே!" என்றேன்.

முகமெல்லாம் கரியாகச் சிரித்தார். "எங்கடா எடுக்குறது... ரெண்டு கையிலயும் தழ இருந்துச்சே."

அவர் போடாத அந்த ஒரு 'லைவ்'வைத்தான் நான் சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். தம்பி, நீ வீடியோ போட்ட அதே பக்கத்தில், அதே கூட்டத்தின் முன்னால் பதில் சொல்: காட்டைக் காப்பாற்றியது யார்? அண்ணன் வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, உன் பதில் வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.