ஆறு மணி மாடு

புதுக்கோட்டை மாவட்டத்தில் மைக் இல்லாமலேயே காளைகளை மிரள வைக்கக்கூடிய ஒரே மனிதர் வர்ணனைதான். ஜல்லிக்கட்டுக்கு வர்ணனை சொல்பவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார். டீ ஆறுவதைக்கூட வர்ணித்துவிட்டுத்தான் குடிப்பார்.

வாடிவாசல் திறக்கும் முன் அவருக்கு ஒரு குவார்ட்டர் உள்ளே போக வேண்டும். நாளடைவில் ஜல்லிக்கட்டு இல்லாத நாளிலும் மாலை ஆறு மணிக்கு அது வேண்டியிருந்தது. இனி குடித்தால் ஈரல் தாங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்து, வாரம் ஒரு நாள் வீடியோ காலில் ஓர் ஆலோசகரிடம் பேசவும் ஏற்பாடு செய்தார்.

"குடிக்காட்டி எனக்குக் கொரல் வராதே தம்பி! மைக்கப் புடிச்சுக்கிட்டு ஊமையாவா நிப்பேன்?" என்று அரிமளத்தில் என் செல்போன் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் செவ்வாய்தோறும் நாலு மணிக்கு என் போன், என் ஸ்டூல், என் நேரம். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் பேசி இவரைத் திருத்துவாராம்! எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

முதல் நாள் அந்தம்மா மெதுவாகக் கேட்டார்: "தனியா இருக்கீங்களா சார்?"

"தன்னந்தனியாத்தாங்க இருக்கேன் மேடம்!"

அந்தச் சத்தத்தில், ரீசார்ஜுக்கு நின்ற நாலு பேரும் மரியாதையாக வெளியே போனார்கள். போய் என்ன பயன்? பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

குடிக்கும் ஆசை வந்தால் பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் தானே தணியும், அதுவரை உடம்பில் நடப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார் அந்தம்மா. இவரிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

அன்று மாலை கடைவீதியே நின்று பார்த்தது. "இதோ வருது ஆறு மணி மாடு! நாக்கு வறளுது, கை நடுங்குது, காலு அங்கிட்டு இழுக்குது! புடிச்சுட்டாரு வீரர், திமிலைப் புடிச்சுட்டாரு! ஒரு தவ்வு... ரெண்டு தவ்வு... விட்றாத, விட்றாத! மூணு! மாடு புடி மாடு! வீரருக்கு ஒரு அண்டா!"

காளை மூன்று முறை துள்ளும்வரை திமிலை விடாமல் பிடித்தால் அது 'புடி மாடு', பரிசு வீரருக்கு. தினமும் இதே கூத்து. டீக்கடைக்காரர் மணி பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஐந்தாவது வாரம் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தார். "மேடம், ஞாயித்துக்கெழம மாடு செயிச்சிருச்சுங்க."

அந்தம்மா திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சரிங்க, அது போன மாடு. வாடியில அடுத்த மாடு நிக்குதுல்ல?" என்றார். ஜல்லிக்கட்டையே நேரில் பார்த்திராத பெண்! அன்றைக்குத்தான் எனக்கும் நம்பிக்கை வந்தது.

தை மாதம் திருமயம் பக்கம் ஜல்லிக்கட்டு. துணைக்கு நானும் மேடையில் நின்றேன். விழாக் கமிட்டிக்காரர் வழக்கம்போல அன்பாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூடியைத் திறந்ததுமே அது தண்ணீர் இல்லை என்று வாசனை சொன்னது. வர்ணனை அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மைக் முன்னால் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. ஊரே அண்ணாந்து பார்க்கிறது.

திடீரென்று மைக்கை இறுக்கிப் பிடித்தார். "எல்லாரும் சூதானமா இருங்க! மேடைக்கே ஒரு மாடு ஏறி வந்துருச்சு! பொல்லாத மாடு!"

நிஜ மாடென்று நினைத்துக் கமிட்டி மொத்தமும் மேடையிலிருந்து குதித்தது. தலைவரின் வேட்டி மட்டும் மேடையிலேயே தங்கிவிட்டது. இவர் எதையும் கவனிக்கவில்லை. "ஒரு தவ்வு... ரெண்டு... மூணு! மாடு புடி மாடு!" என்று முழங்கிவிட்டுப் பாட்டிலை என் கையில் திணித்தார். ஒரு சொட்டு உள்ளே போகாமல் வந்த குரல். கடைசி மாடு வரை அது ஓயவே இல்லை.

"புடிச்சவனுக்குப் பரிசு எங்கய்யா?" என்று கமிட்டியோடு சண்டை போட்டு ஒரு அண்டாவையும் வாங்கினார். அதை மேடத்துக்குக் கொரியரில் அனுப்பச் சொன்னார். பரிசு வாங்கக் கூடாதென்று அந்தம்மா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

அண்டா என் கடையில்தான் இருக்கிறது. செல்போன் கடையில் அண்டா எதற்கு என்று கேட்பவர்களை ஆறு மணி வரை இருந்து பார்க்கச் சொல்கிறேன். தினமும் துடைத்து வைக்கிறேன். ஆறு மணிக்கு அந்தக் குரல் கேட்ட பிறகுதான் எனக்கு டீ இறங்குகிறது.