பெட்டி பாய் கொடுத்த விளம்பரம்

சிங்கப்பூரில் யாரை வேண்டுமானாலும் மிரட்டிவிடலாம், பெட்டி பாயை மட்டும் மிரட்ட முடியாது. கட்டட உரிமையாளர் மிரட்டிப் பார்த்தார். ஆன்லைன் தள்ளுபடி மிரட்டிப் பார்த்தது. பெற்ற மகனே மிரட்டிப் பார்த்தார். கடைசியில் உலகத்தையே கட்டிப்போட்டிருக்கும் மூன்று சமூக ஊடகங்கள் அவர் முன்னால் போய் நின்றன. அவற்றையும் தரகர் கொண்டுவந்த வரன்களைப் போல வரிசையாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். அந்தத் தரகர் நான்தான்.

தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் விளம்பர நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதலாளி, நான், கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். கீழே பாயின் சூட்கேஸ் கடை. டார்ம் எனப்படும் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்து ஊருக்குப் போகும் கட்டுமானத் தொழிலாளிகளும் கப்பல் பட்டறைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் பெட்டி வாங்குவார்கள். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்ல மாட்டார்.

அந்த வருடம் கடைக்குக் கண்டம். லீஸ் முடியப்போகிறது. பையன்களோ பெட்டியைக்கூடப் போனிலேயே வாங்கத் தொடங்கியிருந்தார்கள். வியாபாரம் நிமிராவிட்டால் கடையைக் காலி செய்யவேண்டியதுதான் என்ற நிலைமை. பாசிர் ரிஸில் இருந்த மகன் வந்து, "போதும் வாப்பா, கடையை மூடிட்டு ரெஸ்ட் எடுங்க லா" என்றார். பாய் அடுத்த நிமிடமே எங்கள் மாடிப்படி ஏறிவிட்டார்.

"ரெஸ்ட் எடுக்கணுமாம்! நான் என்ன பஸ்ஸா, டிப்போல போய் நிக்கறதுக்கு? விளம்பரம் போடும்மா. எவன் என் கடையை மூடறான்னு பாத்துடுவோம்."

நான் கணினியைத் திறந்து மூன்று தளங்களையும் அறிமுகப்படுத்தினேன்.

"முகநூல்ல பெரியவங்க, குடும்பஸ்தங்க அதிகம் பாய்."

"காலைல எந்திரிச்சதும் ரோசாப்பூ படத்தோட வணக்கம் சொல்றவங்கதானே? அவங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில ஏற்கெனவே நாலு பெட்டி கிடக்கும். அடுத்தது?"

"இன்ஸ்டா. யங் பீப்பிள்."

"சோத்தைப் படம் எடுத்து, ஆறவெச்சுச் சாப்பிடற கூட்டம். அப்புறம்?"

"டிக்டாக். டார்ம்ல இருக்கற பசங்க நெறைய பேரு இதுலதான். ஆனா கொஞ்சம் ஆடணும்."

"யாரு?"

"நீங்கதான் பாய்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெட்டிக்குச் சக்கரம் இருக்கு, அது ஆடும். நான் ஆடமாட்டேன்."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்றிலும் சின்னதாகப் போடுவது. முகநூலில் கறுப்புப் பெட்டி, இன்ஸ்டாவில் சிவப்பு, டிக்டாக்கில் நீலம். வருகிறவன் எந்த நிறத்தைக் கேட்கிறானோ, அந்தத் தளம்தான் மாப்பிள்ளை. இதற்கு எங்கள் தொழிலில் பெரிய பெயர் இருக்கிறது. நான் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் காசு கேட்பேன் என்று நினைப்பார்.

வீடியோவுக்கு நான் எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் தொடவில்லை. சிரிக்கவும் மறுத்துவிட்டார். பெட்டியைப் படுக்கப் போட்டார், செருப்பைக் கழற்றினார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்று கேமராவை முறைத்தார். "உடைஞ்சுதா? உடையாது. வேணுங்கறவன் வா." விளம்பரம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கறுப்பு, சிவப்பு, நீலம் எதையும் யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாப் பெட்டிகளையும் தட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒரே வசனத்தைச் சொல்லிப் போனார்கள்: "வீட்டுல கேட்டுட்டு வரேன் பாய்."

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். பாயோ லாட்டரி விழுந்தவர் மாதிரி தொடையைத் தட்டினார்.

"கேட்டியாம்மா? காலம் பூரா இதைத்தான் சொல்றானுங்க, இன்னிக்குத்தான் என் மண்டைல ஏறுது. வாங்கறவன் இவன் இல்ல. இவன் தூக்கறவன்! இங்க வர்றவனுங்கள்ல பாதிப் பேரு புதுக்கோட்டைக்காரன். விளம்பரத்தைப் புதுக்கோட்டைக்குப் போடு."

என் முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "தேக்காவுல இருக்கற கடைக்குப் புதுக்கோட்டையில விளம்பரமா? அங்கேர்ந்து யாரு பாய் நடந்து வருவா?"

"நடந்து வரவேணாம். நாலு வார்த்தை பேசினாப் போதும்."

டிக்டாக்குக்கு இந்தியாவில் அனுமதி இல்லை, எனவே அந்த வரன் தானாகவே தட்டிப்போனது. முகநூலிலும் இன்ஸ்டாவிலும், புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் என்று குறித்து, பெட்டிமேல் நின்று முறைக்கும் பாயைக் கடல் கடந்து அனுப்பிவைத்தேன். என் வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கடையில் நிற்க இடமில்லை. வந்த ஒவ்வொருவர் கையிலும் மனைவி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்.

"இந்தச் செவப்புதான் வேணுமாம் பாய்."

"கறுப்பு இருக்கே, அழுக்குத் தெரியாது."

"கறுப்பு வாங்கிட்டுப் போனா வீட்டுக்குள்ள விடமாட்டா பாய்!"

கூட்டத்தோடு வினையும் வந்தது. விளம்பரத்தில் பாயின் வாட்ஸ்அப் எண் இருந்தது. அறந்தாங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "அவரு பெட்டி வாங்க வந்தா மூஞ்சியப் பாத்து, குடிச்சிருக்காரான்னு சொல்லுங்கண்ணே" என்றாள். இன்னொருத்தி, கணவன் இளைத்துவிட்டானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். பாய் எல்லாருக்கும் பதில் சொன்னார். "நல்லாத்தான்மா இருக்கான். தொப்பைதான் போட்டிருக்கு, உன் சாப்பாடு இல்லாம எப்படிப் போட்டுதோ தெரியல."

லீஸ் பேச்சுக்கு முந்தின வாரம். விளம்பரத்துக்கென்று அவர் எடுத்துவைத்ததில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாரத்துக்குத்தான் போதும். அதைச் சரியாகப் போட்டு, கட்டட உரிமையாளருக்குக் கூட்டத்தைக் காட்டினால் லீஸ் நீண்டு கடை தப்பும். அப்போது கறம்பக்குடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கணவன் கிராஞ்சியில் ஒரு டார்மில் இருக்கிறானாம். ரெண்டு வாரமாகப் போன் எடுக்கவில்லையாம். "கடைப்பக்கம் வந்தா பேசச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

பாய் போனை வைத்தார். கேமராவை எடுக்கச் சொன்னார். பெட்டி இல்லை, கடைப்பெயர் இல்லை, விலை இல்லை. வெறுங்கையோடு நின்று முறைத்தார்.

"டேய், சாப்பிட்டியா? வீட்டுக்குப் போன் பண்ணினியா? என்ன ஆயிருந்தாலும் பரவாயில்ல. பண்ணுடா."

"பாய், இதுல பெட்டி எங்க?" என்று கத்தினேன். "கடைசிக் காசு பாய் இது. கடை போயிடும்!"

"போகட்டும். கிராஞ்சிய சுத்தி வட்டம் போடு, அங்க இருக்கறவன் போன்ல மட்டும் வரட்டும்."

"அவர் பேரையாவது சொல்லுங்க."

"பேரைச் சொன்னா அவன் மானம் போயிடும்."

"எந்தத் தளத்துல போடறது?"

"மூணுலயும் போடு. எதுல ஒளிஞ்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சியே கடை வாசலில் நின்றது. ஆளாளுக்குப் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, "என் வீட்டுல உங்ககிட்ட ஏதாச்சும் கம்ப்ளைன்ட் பண்ணாளா பாய்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவனும் அது தன்னைத்தான் திட்டுகிறது என்று நம்பினான். பாயும் யாரையும் ஏமாற்றவில்லை. "ஆமா, உன்னைத்தான்" என்றார். போன் பண்ணிவிட்டேன் என்று நிரூபிக்க வந்தவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று பெட்டியும் வாங்கினார்கள்.

சாயங்காலம் கறம்பக்குடியிலிருந்து குரல்பதிவு வந்தது. "பேசிட்டாரு பாய். வேலையில கைல அடியாம். சொன்னா பயந்துடுவேன்னு போனே எடுக்கலையாம். நீங்க திட்டினதப் பாத்துட்டுத்தான் பேசினாராம்." பாய் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கூட்டத்தைக் கட்டட உரிமையாளரும் பார்த்தார். பார்த்துவிட்டு, "பிசினஸ் நல்லா போகுது போல" என்று சொல்லி வாடகையை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார். பாய்க்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே!

"கூட்டத்தைக் காசு குடுத்துக் கூப்பிட்டவன் நான். வாடகையை ஏத்தறது நீயா? சாவியப் பிடி!"

மகன், முதலாளி, நான் என மூன்று பேரும் கெஞ்சினோம். அவர் அசையவில்லை. கடை போயிற்று. இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, பக்கத்தில் டார்ம்கள் இருக்கும் பூன் லேயில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, நடுவில் விளம்பரமாகப் பாய் வந்து நின்றார். பின்னால் பாசிர் ரிஸ் கடற்கரை. முகத்தில் அதே முறைப்பு. "டேய், சாப்பிட்டியா?"

உடனே கூப்பிட்டேன். "பாய், கடையே இல்லையே. எதுக்கு இன்னும் காசு கட்டி விளம்பரம் போடறீங்க?"

"கடைதானேம்மா போச்சு? பசங்க இங்கதானே இருக்கானுங்க."

இப்போதும் மாதம் ஒருமுறையாவது வருகிறார். என் தொழிலில், வருகிற விளம்பரங்களையெல்லாம் தாண்டித் தாண்டி விரல் பழகிவிட்டது. பாய் வந்தால் மட்டும் கடைசிவரை நின்று திட்டு வாங்கிக்கொள்கிறேன்.