நாலாம் நம்பர் கேமராவும் இரண்டாம் தட்டும்

புதுப் போன் வாங்கி ஒரு மாதம் ஆகாத மனிதனை நம்பி எந்த நல்ல காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. அவனுடைய புத்தி முழுக்க அப்போது கையில்தான் இருக்கும், தலைக்கு ஏறியிருக்காது. அப்படி ஒருவனை நான் ரொம்பப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன். (இன்றைக்கும் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் எதிரே நிற்கிறான்.)

என் போனின் முதுகில் நான்கு கேமரா. கடைக்காரர் அந்த முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டித்தான் என் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால், போனோடு வந்த கேமரா ஆப்பில் ஒன்றைத்தான் நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடிந்தது. மற்ற மூன்றும் எப்போது விழித்திருக்கும், எப்போது தூங்கும் என்று தெரியவில்லை. நாலு அறை வீட்டுக்கு வாடகை வாங்கிக்கொண்டு மூன்று அறையைப் பூட்டி வைத்த வீட்டுக்காரர் மேல் வருகிற கோபம் எனக்கு அந்தப் போன் மேல் வந்தது.

பூட்டை உடைத்தவன் டில்லி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன்.

"மச்சான், நாலு கேமராவ வெச்சிகினு ஒண்ணுத்த மட்டும் ஓட்டிகினு கீற. அவன் குட்த்த ஆப்ப வுடு. வேற ஆப் ஒண்ணு கீது, அத்தப் போட்டா அல்லாமே தொறந்துக்கும்" என்றான் கேன்டீனில்.

டீ ஆறுவதற்குள் அந்த ஆப் என் போனில் ஏறியது. கேமராக்களுக்குப் பெயர் எல்லாம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வெறும் எண்கள். இரண்டாம் நம்பரில் எங்கள் வீட்டுக் கூடம் கல்யாண மண்டபம் போல அகன்று தெரிந்தது. அதே நம்பரில் அம்மாவைக் கிட்டத்தில் எடுத்துக் காட்டினேன். "இன்னாடா இது, என் மூக்கா, பஜ்ஜியா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நம்பரில் எறும்பின் காலில் இருந்த முடி தெரிந்தது.

நாலாம் நம்பர் என்ன செய்யும் என்று டில்லியைக் கேட்டேன். "கல்யாண போட்டோல ஆளு பளிச்சினு நிப்பாங்க, பின்னாடி அல்லாம் மங்கலாத் தெரியும் பாரு, அதுக்குத்தான் அந்தக் கேமரா" என்றான். அவன் சொன்னது பாதி உண்மை. அந்தக் கேமரா தூரத்தை அளந்து மற்றக் கேமராவுக்குச் சொல்லும் எடுபிடி மட்டும்தான், தனியாக அதற்குப் படம் எடுக்க வராது என்கிற மீதிப் பாதி அவனுக்கும் தெரியாது. நானாவது ஒரு தடவை எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பிரம்மாஸ்திரத்தை யாராவது வீட்டுப் பூனை மேல் விட்டுப் பார்ப்பார்களா? என் தங்கை சுதாவின் நிச்சயதார்த்தத்துக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை பிரபு, கோவளத்துக்காரர். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மாமல்லபுரத்தில் ஒரு சின்ன ஹால் பிடித்தோம். கீழே டிபன் பந்தி, மொட்டை மாடியில் பந்தல், பந்தலைத் தாண்டினால் கடல். போட்டோகிராபரைச் சொல்ல அப்பா கிளம்பியபோது நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். "நான் இருக்கும்போது எதுக்குப்பா?" என்றேன். அப்பாவும் நம்பினார். (பெற்ற பாசம்.)

சுதா மட்டும் முந்தின நாள் என்னைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணா, எனக்கு ஆல்பம் கீல்பம் எதுவும் வேணாம். அப்பா தட்டு மாத்தறப்ப ஒரே ஒரு போட்டோ. நம்ம வூட்ல அப்பா சிரிச்சிகினு இருக்கிற போட்டோ ஒண்ணு கூட இல்ல. அது மட்டும் கரெக்டா எடுத்துடு" என்றாள். எங்கள் அப்பா கேமராவைப் பார்த்தால் பாஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்தவர் போல் ஆகிவிடுவார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் சந்தோஷத்திலாவது சிரிப்பார் என்பது அவள் கணக்கு.

மறுநாள் காலை நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. பந்தலுக்குள் வெளிச்சம் போதாது என்று இரண்டு சம்பந்திகளையும் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கினார்கள். "யாரும் எடுக்கக் கூடாது! நடுவுல கை வந்தா பிரேம் கெட்டுடும். எல்லாரும் போனை உள்ள வைங்க!" என்று கத்தினேன். பிரபுவின் அத்தை சகுந்தலா மட்டும் போனை இடுப்பில் செருகிக்கொண்டே முறைத்தார். அந்தக் குடும்பத்தில் அவர் சரி என்றால்தான் சரி.

புரோகிதர் லக்ன பத்திரிகை வாசித்து முடித்தார். தட்டு கை மாறியது. அப்பா சிரித்தார்! பல் தெரியச் சிரித்தார். நான் நாலாம் நம்பரைப் போட்டுப் படபடவென்று தட்டித் தள்ளினேன். கடற்கரை வெயிலில் திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. அதுவும் அப்போது எனக்கு அழகாகத்தான் இருந்தது.

"எங்க, காட்டு தம்பி" என்று சகுந்தலா அத்தை போனை வாங்கி, முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா நைனா இது? இன்னிக்கித்தான் நிச்சயமே ஆச்சி, அதுக்குள்ள ஸ்கேன் எடுத்துட்டியா?"

எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இரண்டு மூட்டைகள். நடுவில் வட்டமாக ஒரு கறை, அது தட்டாக இருக்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் கேமரா யாரையும் விட்டுவைக்காமல் சம்பந்தி, புரோகிதர், வங்காள விரிகுடா என அனைவரையும் சரிசமமாக மங்கலாக்கியிருந்தது. எல்லாப் படமும் அதே லட்சணம்.

அப்போது கூட நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். "பரவால்ல, ரெண்டு நிமிஷ வேலைதான். நீங்க வாங்கின தட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க, மறுபடி எடுத்துக்கலாம்" என்றேன்.

வாங்கின நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பிரபுவின் அப்பா தட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அப்பா முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அம்மா என் முதுகில் வைத்த அறை கீழே பந்தி வரைக்கும் கேட்டிருக்கும். அறை கேட்டதோ இல்லையோ, செய்தி போய்விட்டது. "பொண்ணு வூட்ல தட்டைத் திருப்பிக் கேக்கறாங்களாம்" என்றதும் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். எங்கள் பெரியப்பா ஒருவர் நிலைமை மோசம் என்று கணித்து, இலையில் இருந்த வடையை அவசரமாக முடித்துவிட்டுச் செருப்பைத் தேடிக் கிளம்பினாராம்.

சுதா என் பக்கம் வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒண்ணே ஒண்ணுதானேண்ணா கேட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அப்படியே கடலில் இறங்கிவிடலாம் போலிருந்தது.

சகுந்தலா அத்தை இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். "இப்ப இன்னா பேஜாரு? திருப்பிக் குட்த்தாத்தான தப்பு? இன்னொரு ஜோடித் தட்டு மாத்தினா எவன் கேப்பான்? வேற தட்டு, வேற வெத்தல பாக்கு, வேற பழம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஆவணும். டேய் பிரபு, வண்டிய எடு. இந்தக் கேமராக்காரன இட்டுகினு போ."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை பைக் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். "மச்சான், நான் ஒங்க தங்கச்சிய ஒரு தபாதான் கேட்டேன். நீங்க ரெண்டு தபா குடுக்கறீங்க" என்றார். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

பாத்திரக் கடையில் எவர்சில்வர் தாம்பாளம் இரண்டு கேட்டேன். கடைக்காரர் "இன்னா விசேஷம்?" என்றார்.

"தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்."

"எப்போ?"

"இப்பத்தான் முடிஞ்சிது."

மாலையும் வேர்வையுமாக நின்ற மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் தாம்பாளத்தைத் துடைத்துக் கொடுத்தார். பழம், பூ, தேங்காய் எல்லாம் கிடைத்தன. தட்டில் வைக்கப் பட்டுப்புடவைக்கு எங்கே போவது? டூரிஸ்ட்டுகளுக்கு விற்கிற கடையில் கடற்கரைக் கோயில் படம் போட்ட துண்டு தொங்கியது. இரண்டை உருவி, காசை வைத்துவிட்டு ஓடினோம்.

நல்ல நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது தட்டு மறுபடி கை மாறியது. என் போனை அத்தை முன்கூட்டியே பறிமுதல் செய்துவிட்டார். மற்ற எல்லாப் போனும் வெளியே வந்தன. மூச்சு வாங்க, கையில் உபரி வாழைப்பழச் சீப்போடு நான் ஓரமாக நிற்க, அதைப் பார்த்து அப்பா வெடித்துச் சிரித்தார். முதல் தடவை சிரித்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. சுதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. அந்தப் படம்தான் இன்றைக்குப் படூரில் சுதாவும் பிரபுவும் குடியிருக்கிற வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போன தை மாதம் கோவளத்தில் பிரபுவின் சித்தி மகனுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றினார்கள். கைத்தட்டல் ஓய்வதற்குள் இன்னொரு ஜோடித் தட்டு வந்தது. அதில் புடவைக்குப் பதில் ஆளுக்கொரு துண்டு. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் திகைத்துப் போய் என்னைக் கேட்டார்.

"இன்னாங்க, ரெண்டு தபா மாத்தறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகுந்தலா அத்தை முந்திக்கொண்டார். "எங்க வூட்டு வழக்கங்க அது. மொத தட்டு சாமிக்கு, ரெண்டாவது தட்டு மனுசங்களுக்கு. துண்டு வெச்சாத்தான் சம்பந்தம் கெட்டியா நிக்கும். இது இன்னா இன்னிக்கி நேத்தா, எங்க பெரியவங்க காலத்துலருந்து அப்பிடித்தான்."

பெரியவர் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுதா சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுப் பக்கம் ஓடினாள். அந்த அருமையான காட்சியை ஒரு படம் எடுக்கலாமே என்று நான் சட்டைப் பையில் கை வைத்தேன். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கையை வெளியே எடுத்து, நானும் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.