மாமனாருக்கு வாங்கிய ஹோட்டல் தலையணை

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்தவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. கரண்ட் பில் ஏன் கூடியது, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, ஃப்ரிட்ஜை எந்தச் சுவரோரம் வைப்பது, எல்லாம் என்னிடம்தான் வரும். தாசில்தார் எனக்கு 'முதல் பட்டதாரி' சான்றிதழ் கொடுத்தது கல்லூரிக் கட்டணச் சலுகைக்காக. நானோ அதைச் சகல விஷயங்களுக்குமான லைசென்ஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நிச்சயதார்த்தம் முடிவான நேரம். மாப்பிள்ளை முத்துக்குமார், அப்பாவுக்குத் தூரத்து உறவில் தங்கை மகன். ஊர் சிவகங்கைப் பக்கம். நல்ல நேரம் காலை ஏழரைக்குள் முடிந்துவிடும் என்பதால், அவருடைய அப்பாவும் அம்மாவும் முதல் நாளே வில்லாபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவதாகப் பேச்சு.

"ஆரப்பாளையத்துல தெரிஞ்ச லாட்ஜ் ஒண்ணு இருக்கு, ரூம் போட்டுருவோமா?" என்றார் அப்பா.

"லாட்ஜ் எதுக்குப்பா? நம்ம மாடி ரூமையே ஹோட்டல் மாதிரி ஆக்கிக் காட்டுறேன்."

"எம்மக படிச்சவ. அவ சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்." எங்கள் வீட்டில் இதற்குமேல் அப்பீல் கிடையாது.

எனக்கு இந்தத் தைரியம் வந்ததற்குக் காரணம், அதற்கு இரண்டு மாதம் முன்பு அலுவலகப் பயிற்சிக்காகக் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் தங்கியதுதான். ஒரு ஆளுக்கு நான்கு தலையணை! எங்கள் வீட்டில் நான்கு ஆளுக்கு இரண்டு. அவற்றிலும் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடியிருக்கும். தலை வைக்கிற இடத்தில் உறை மட்டும் இருக்கும். ஹோட்டல் தலையணைகளோ கட்டிலின் தலைமாட்டில் நெஞ்சை நிமிர்த்தி, குடியரசு தின அணிவகுப்புக்கு வந்தவை போல நின்றன. நான் எதில் தலை வைத்துத் தூங்கினேன் என்று கேட்டால் நினைவில்லை. எது பார்க்க நன்றாக இருந்தது என்பதுதான் நினைவில் இருந்தது. விஷயம் அங்கேயே கெட்டுவிட்டது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் எடுத்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"படுக்கப் போறவுக மல்லாக்கப் படுப்பாகளா, ஒருக்களிச்சா? அதுக்குத் தக்கன தலகாணி எடுக்கணும், தங்கச்சி."

வருங்கால மாமனார் எப்படிப் படுப்பார் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம்தான் எனக்கு இல்லையே. ஓரமாகப் போய் மாப்பிள்ளைக்கு போன் போட்டேன்.

"உங்க அப்பா மல்லாக்கப் படுப்பாரா, ஒருக்களிச்சுப் படுப்பாரா?"

அவர் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, ஜாதகத்துல ஏதும் கேட்டாங்களா?" என்றார்.

"தலகாணி வாங்கங்க."

"அவரு படுத்து நான் எங்க பாத்தேன்? நான் எந்திரிக்கையில மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருப்பாரு."

போனை வைத்துவிட்டு, இருப்பதிலேயே நிமிர்ந்து நின்ற தலையணைகளைக் கைகாட்டினேன். அம்மா ஒன்றை விரலால் குத்திப் பார்த்தார். "ஏன்டி, இது என்ன அரிசி மூட்ட கணக்கா இருக்கு?"

கடைக்காரரும் சொன்னார். "தங்கச்சி, இது சாஞ்சு உக்கார்றதுக்கு. ஹோட்டல்ல பின்னாடி அழகுக்கு நிப்பாட்டி வச்சிருப்பாக. தலைக்கு வைக்கிறது அதுக்கு முன்னாடி மெத்துன்னு கிடக்கும். அத எடுங்க."

"அண்ணே, நான் ஹோட்டல்ல தங்குனவ."

அவர் உடனே பில் புத்தகத்தை எடுத்தார். (அனுபவசாலி.) ஆளுக்கு இரண்டாக நான்கு தலையணை வாங்கினேன். மாடி அறையில் வெள்ளை விரிப்புப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டு அடுக்கி, படமெடுத்து அலுவலகத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

நிச்சயத்தன்று காலை, பெரியவர்கள் இருவரும் கீழே இறங்கியதும் மாடிக்கு ஓடிப் பார்த்தேன். மாமனாருக்கு வைத்த தலையணைகள் நான் அடுக்கியபடியே, இம்மியும் கலையாமல் இருந்தன. எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று பூரித்துப்போனேன். அறை முழுக்கத் தைல வாசனை. அதைப் பற்றி யோசிக்க அன்று எனக்கு நேரம் இல்லை, பூ வைக்க ஆள் காத்திருந்தது.

வாசல் பந்தலில் தட்டு மாற்றும் நேரம். நான் உள்ளே ஜன்னலோரம் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தாம்பூலத் தட்டை நீட்டினார். எதிரே மாமனார் கையை நீட்டினார். ஆனால் முகம் மட்டும் இடப்பக்கம், சமையல் நடந்த இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

என் தாய்மாமன் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். தட்டிலிருந்த வெற்றிலையும் அவருடையது, பந்தலிலிருந்த கோபமும் அவருடையது.

"அண்ணே, தட்டக் குடுக்கையில மூஞ்சியத் திருப்புனா என்னா அர்த்தம்? சம்மதமா, இல்லையா?"

"சம்மதந்தான். ஒரு கொறையும் இல்ல" என்றார் மாமனார், அடுப்பருகே நின்ற சமையல்காரரைப் பார்த்து.

"ரொம்ப சந்தோசம்ணே, சாம்பார் எறக்கிட்டேன்" என்றார் சமையல்காரர்.

"பாத்தீகளா? எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல! மாப்ள, தட்டக் கீழ வைய்யி!" என்று மாமன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். வைப்பதா வேண்டாமா என்று அப்பா தட்டைச் சாய்த்ததில் தேங்காய் உருண்டு விளிம்புக்கு வந்துவிட்டது. "மச்சான், எங்ககிட்ட என்ன கொறன்னு சொல்லிருங்க" என்றார் அப்பா. அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்குத் தைல வாசனையும் கலையாத தலையணையும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் படிப்பின் மானம் தப்பிக்கும், கல்யாணம் தப்பிக்காது.

நிச்சயப் பெண் தலை குனிந்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் மறந்து பந்தலுக்கு ஓடினேன். "அவரு மேல தப்பில்ல மாமா! நான் வாங்குன தலகாணி! கழுத்துப் பிடிச்சுக்கிருச்சு!"

"அதெல்லாம் இல்லத்தா. சொகமாத் தூங்குனேன்" என்றார் மாமனார், மறுபடியும் சமையல்காரரிடம்.

மாப்பிள்ளையின் அம்மாவான அத்தைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "என்னத்தத் தூங்குனீக? தல அம்புட்டு ஒசரத்துல இருக்க, ராவெல்லாம் தன் காலத் தானே பாத்துக்கிட்டுக் கெடந்தாக! ஒண்ண எடுத்துக் கீழ போடுங்கன்னா, 'படிச்ச புள்ள கணக்குப் பண்ணித்தேன் அடுக்கியிருக்கும், கலைக்கக் கூடாது'ங்கிறாக! வெளிய சொன்னா புள்ள மனசு சங்கடப்படும்னு எனக்கும் வாய்ப்பூட்டு!"

முதலில் சிரித்தது என் தாய்மாமன்தான். மற்றவர்கள் அவர் தொடங்கட்டும் என்று காத்திருந்ததுபோல அடுத்துச் சிரித்தார்கள். பிறகு அவரே அப்பாவைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், மாமனார் பார்வை விழுந்த இடத்தில் நிறுத்தினார். பின்னாலேயே விளக்கு போனது, தட்டு போனது, அய்யர் போனார். என் நிச்சயதார்த்தம் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில், முகத்துக்கு முகம் பார்த்து, நல்ல நேரத்துக்குள் நடந்தது.

குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோகிராஃபர்தான் திணறினார். ஒருவர் மட்டும் திரும்பியிருந்தால் கோபித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்குமாம். "எல்லாருமே அவரு மாதிரி எடது பக்கம் திரும்பிக்கோங்க, வித்தியாசம் தெரியாது" என்றார். நாற்பது பேரும் திரும்பினோம். இன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "அங்கிட்டு என்னத்தப் பாக்குறீக?" என்று கேட்பார்கள். "மருமக படிப்ப" என்பார் மாமனார். எனக்குக் கோபம் வருவதில்லை. சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

இப்போது அது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. கொழுந்தன் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என எந்த விசேஷமானாலும் ஒரு படமாவது இடப்பக்கம் திரும்பி எடுத்தாக வேண்டும். என் மகளுக்கு ஒன்றரை வயது. அவள் நேராகப் பார்க்கும் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. யாராவது போனைத் தூக்கினால் போதும், தாத்தாவின் மடியில் உட்கார்ந்தபடி, சொல்லாமலே இடப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.